சத்தம் கேட்காத வீடு

"கடலுக்க சத்தம் கேக்கப்பிடாது. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் மத்தியாஸ்.

வீடு காட்ட வந்த புரோக்கர் சுயம்புராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரிப்பாறை மலையடிவாரத்தில் நின்றுகொண்டு கடலுக்குப் பயப்படுகிற ஆளை அவர் பார்த்ததில்லை. இங்கே மழை சத்தம் போடும், ராத்திரி எப்போதாவது மிளா மான் கத்தும், அதைத் தவிர ஒன்றும் கிடையாது என்று சொல்லிப் பூட்டைத் திறந்தார்.

மத்தியாஸ் சிரிக்கவில்லை. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் கடல் தொழிலை நிறுத்தி, வள்ளத்தையும் விற்றுவிட்டார். ஆனால் கடற்கரை வீட்டில் அலைச் சத்தம் அடுக்களை வரைக்கும் வந்தது. கதவை அடைத்தாலும் வந்தது.

மகள் ஷிஜி, தன்னோடு மார்த்தாண்டத்தில் வந்து இருக்கச் சொன்னாள். கொட்டாரம் ஊரில் வயலைப் பார்த்த மாதிரி ஒரு வீடும் வந்தது. மனைவி பேபிதான் இரண்டையும் தட்டிவிட்டுக் கீரிப்பாறை என்றாள். காற்று நல்லதாம், யாரோ சொன்னார்களாம். எந்த ஊரானால் என்ன என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று காலை பஸ்ஸில், கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

எல்லாம் மகன் ரெஜினோடு போனது. கூடப் படித்த நந்தனாவைக் கட்டப் போவதாக ஒரு சாயங்காலம் அவன் வந்து சொன்னான். வேறு மதம் என்று கேட்டதோடு மத்தியாஸுக்குக் காது அடைத்துவிட்டது. அந்தப் பெண் எந்த ஊர் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"அவளக் கெட்டினா நீ எனக்குச் செத்தவன்" என்று மட்டும் சொன்னார். அவன் கடல் தொழிலுக்குப் போகிற நேரம். ரெஜின் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மறுநாள் அடித்த காற்றில் அவன் வழக்கமாகப் போகும் வள்ளம் கவிழ்ந்தது. அதில் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை. சிலர் உடலாகக் கரை ஒதுங்கினார்கள். ரெஜின் ஒதுங்கவில்லை.

அடக்கப் பூசையில் ஊரே அழுதது. மத்தியாஸ் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்நெஞ்சுக்காரன் என்று பின்னால் யாரோ சொன்னதும் அவர் காதில் விழுந்தது. அது அவரைத் தொடவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே தொடவில்லை. சோறு ருசிக்கவில்லை, ஷிஜியின் பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து, கல்லறைத் தோட்டத்தில் ரெஜின் பெயருக்கு ஒரு குருசு நாட்டலாம் என்று பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். பேபி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். உடல் வராமல் குருசு எதற்கு என்றாள். பெற்ற வயிறு அப்படித்தான் என்று ஊரும் விட்டுவிட்டது.

வீடு சின்னதுதான். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் ரப்பர் மரங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. செல்போனில் டவர் கிடைக்கவில்லை என்று, வீட்டுக்காரரிடம் பேச சுயம்புராஜ் தெருமுக்குக்குப் போனார்.

இருவரும் பின்முற்றத்தில் நின்றார்கள். மத்தியாஸ் காது கொடுத்துப் பார்த்தார். கடல் இல்லை. ஆனாலும் மனசுக்கு ஆறுதலாக எதுவும் வரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் பேபி. "அன்னைக்குப் பூசையில நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. பொறவு அவன் பேரையும் எடுக்கல்ல. அவன்மேல உள்ள கோவம் இன்னும் தீரல்லியா?"

"கோவமா?" மத்தியாஸுக்கு அந்தச் சொல்லே புதிதாக இருந்தது.

அழுகை வரவில்லை, அவ்வளவுதான் என்றார். இன்றைக்கும் வரவில்லை. அலை அடிக்கிற ஒவ்வொரு தடவையும், செத்தவன் என்று தான் சொன்னது காதில் விழுவதாகச் சொன்னார். அதனால்தான் இந்த மலைக்கு வருவதாகவும் சொன்னார். மீன் விலை சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொன்னார்.

"அவன் உசிரோட இருந்தா, அவளையே கெட்டிட்டு இருக்கட்டும் பேபி. தூரத்துல நின்னு ஒருக்கப் பாத்தாப் போதும் எனக்கு."

பேபி அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருக்கப்பிடாதா?" என்றாள்.

தன்னைக் குறை சொல்கிறாள் என்று நினைத்து மத்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் விடுவிடுவென்று வேலியை நோக்கி நடந்தாள். தண்ணீர் வசதி எப்படி என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கப் போகிறாளாக்கும் என்று எண்ணினார்.

பேபி வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ரெஜினே, நந்தனாவையும் கூட்டிட்டு வெளிய வா மக்கா. அப்பா வந்திருக்காவ."