சிவப்பைத் தொட்ட கறுப்பு

"சாவியைக் கொடுங்க சார்! உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், அந்த ஃபிரிட்ஜ் சாவியைக் கொடுங்க!"

பாம்புப் பண்ணையில் டிக்கெட் கொடுக்கும் பெண், மேஜை மீது குனிந்து கத்தினாள். பொறுப்பாளர் நாற்காலியில் சாய்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிரே ஸ்டூலில் அவளுடைய தம்பி. கூண்டு கழுவுகிற வேலை. எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே கழுவுவதால் பண்ணையில் அவனுக்கு 'மகுடி' என்று பெயர். இன்று சீட்டியைக் காணோம். வலது ஆள்காட்டி விரலைக் கைக்குட்டையால் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

"எந்தக் கூண்டு? மறுபடி சொல்லு" என்றார் பொறுப்பாளர்.

"முதல் கூண்டு சார். பவளப் பாம்பு."

"அதை நான்தானே பாத்துக்கறேன்? நீ ஏன் கையை விட்டே?"

"தண்ணிக் கிண்ணம் காஞ்சு கிடந்துச்சு, பாவமா இருந்துச்சு சார். விடாம கவ்வி மென்னுச்சு. ஏழு மணியிலேருந்து உங்களுக்காக வாசல்லயே உக்காந்திருக்கேன்."

இப்போது மணி ஒன்பது பத்து.

பக்கத்து அறையில் அடுத்தடுத்து இரண்டு கண்ணாடிக் கூண்டுகள் உண்டு. முதலாவதில் 'பவளப் பாம்பு: கொடிய விஷம்' என்றும், இரண்டாவதில் 'போலிப் பவளப் பாம்பு: விஷமில்லை' என்றும் பலகை. இரண்டுக்கும் உடம்பு முழுக்கச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு வளையங்கள். பார்வையாளர்கள் பிரித்தறிவதற்காகப் பொறுப்பாளரே ஒரு பாட்டுக் கட்டிச் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

'சிவப்பை மஞ்சள் தொட்டால் எட்டி நில்; சிவப்பைக் கறுப்பு தொட்டால் தட்டிக் கொடு.'

இது எல்லா வகைப் பவளப் பாம்புக்கும் பொருந்தாது என்று அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரியும் உண்டு. அந்த வரியைக் குனிந்து படித்தவர் யாருமில்லை. முதல் கூண்டில் நான்கு மாதமாக விளக்கும் எரியவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"வீங்கியிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னப்பா? போய் ஒரு டீயைக் குடிச்சிட்டு வேலையைப் பாரு."

"டீயா?" அக்கா கொதித்தாள். "நீங்கதானே சார் வர்றவங்களுக்கெல்லாம் மைக்குல சொல்றீங்க? 'பவளப் பாம்பு கடிச்சா வலிக்காது, வீங்காது. முதல்ல கண்ணிமை தொங்கும், நாக்கு குழறும், அப்புறம் மூச்சு நிக்கும். இமை தொங்கறதுக்குள்ள மருந்து ஏத்தணும்'னு! ஊருக்கு ஒரு நியாயம், என் தம்பிக்கு ஒரு நியாயமா?"

"அக்கா, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றான் தம்பி.

"அங்கே இந்த மருந்து ஏதுடா? சுத்துவட்டாரத்துலயே இந்த ஃபிரிட்ஜ்ல மட்டும்தான் இருக்கு! இவர்கிட்ட நடையா நடந்து உனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"கொஞ்சம் பொறும்மா. பதறாத காரியம் சிதறாது..."

அவள் பொறுக்கவில்லை. மூலையில் சாய்த்திருந்த, பாம்பு பிடிக்கிற கொக்கிக் கம்பியை எடுத்தாள். ஃபிரிட்ஜின் பூட்டில் செருகி நெம்பினாள். பூட்டு தெறித்து மேஜைக்கடியில் ஓடியது.

உள்ளே ஒரு டிபன் பாக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில், பாதி எலுமிச்சம்பழம்.

"மருந்து எங்க சார்?" என்று அவர் பக்கம் திரும்பினாள்.

பொறுப்பாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளியில சொல்லிடாதேம்மா. நம்ம பவளப் பாம்பு செத்து நாலு மாசமாச்சு. ஒரு மலைப்பாம்பு செத்ததுக்கே எனக்கு முன்னாடி இருந்தவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. அதான் ஒரு போலியைக் கொண்டுவந்து உள்ளே விட்டுட்டு, யாரும் உத்துப் பாக்கக் கூடாதுன்னு விளக்கைக் கழட்டிட்டேன். மருந்து போன மாசம் காலாவதியாச்சு. பாம்பே இல்லாதப்போ மருந்து எதுக்குன்னு புதுசு கேட்டு எழுதல. முதல் கூண்டுல இருக்கறது வெறும் புழும்மா. உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது."

கம்பி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தவள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள்.

"அடப்பாவி மனுஷா! இதை வந்ததுமே சொல்லித் தொலைச்சிருந்தா என் பாதி உயிராவது மிஞ்சியிருக்குமே! டேய் மகுடி, கேட்டியா? பிழைச்சுக்கிட்டேடா! எங்க, ஒரு சீட்டி அடி பாக்கலாம்!"

மகுடி உதட்டைக் குவித்தான். வெறும் காற்றுதான் வந்தது. அக்காவைப் பார்க்க முகத்தை நிமிர்த்தினான். முகம் நிமிர்ந்தது, இமைகள் பாதியிலேயே நின்றுவிட்டன. கைக்குட்டை சுற்றிய விரலால் ஓர் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழறிக் குழறிப் பேசினான்.

"கடிச்சது முதல் கூண்டு இல்ல சார்... அது மென்ன விதத்துல விஷமோன்னு பயம் வந்துச்சு... ரெண்டாவதுன்னு சொன்னா மருந்து தரமாட்டீங்கன்னு பொய் சொன்னேன். அங்க இருந்த போலி போன மாசமே செத்துப்போச்சு... எனக்கும் வேலை போயிடுமேன்னு, பின்னால சருகு மேட்டுல ஒண்ணைப் பிடிச்சு உள்ளே விட்டேன்... உங்க பாட்டுல வர்ற மாதிரியே, சிவப்பைக் கறுப்புதான் சார் தொட்டிருந்துச்சு."