கையேட்டுக்கு ஒரு வீடு

“மறுபடியும் படுத்துடுச்சாண்ணா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் அந்தப் பெண். கையில் ஸ்க்ரூடிரைவர்.

அவர் சாப்பாட்டு மேஜையைக் காட்டினார். மனைவி இருந்தவரை அவளுடைய தட்டு இருந்த இடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

சின்ன நூலகங்களுக்காக இவர், இந்தப் பெண், இன்னும் மூன்று பேர் என ஐந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாக விட்டிருந்தார்கள். அதன் கையேடு இணையத்தில் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் கிடைத்தது. இது நின்றால் நூலகர்கள் கையைப் பிசைவார்கள், குழுவில் இருப்பவர்கள் இவரை போனில் பிடிப்பார்கள்.

“நாங்க நாலு பேரும் பேசிட்டோம். கையேட்டை இலவசமா வைக்க நல்ல தளம் ஒண்ணு இருக்கு. நீங்க சரின்னா இன்னைக்கே மாத்திடலாம்.”

“இலவசமா இடம் கொடுக்கிறவன் நாளைக்கே காலி பண்ணுன்னா? நடுத்தெருவுல நிக்கணும்.”

“நகல்தான் எல்லார்கிட்டயும் இருக்கே. வேற இடம் பார்த்துக்கலாம்.”

“என்ன இருந்தாலும் சொந்த வீடு மாதிரி வராதும்மா.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் மனிதரிடம் என்ன பேசுவது? அவள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு பட்டனை அழுத்தியதும் சமர்த்தாக ஓட ஆரம்பித்தது.

“நல்லாத்தானே இருக்கு. போன மாசம் உங்க தம்பி குடும்பத்தோட வந்து தங்கியிருந்தப்பகூட ஒரு தடவை நிக்கலையே.”

“அவனுக்குப் பயந்துக்கிட்டு ஓடியிருக்கும்.”

அவள் சிரித்தாள். அவர் பிளாஸ்கைத் திறந்து மறுபடியும் டீ ஊற்ற வந்தார். அவள் இன்னும் முதல் டீயையே முடிக்கவில்லை.

“வேண்டாம்ணா, கிளம்பணும். மாத்திட்டா உங்களுக்குத்தான் நிம்மதி. அந்தத் தளம் நிக்கவே நிக்காது. யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியதும் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார், கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்திப் பிடித்தார். கம்ப்யூட்டர் நின்றது.

“என்னண்ணா பண்றீங்க?”

“எப்பவும் பண்றதுதாம்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “இது நின்னாத்தானே எனக்கு போன் வருது.”