உதட்டை மறைக்காத மைக்

தறிக்கூடத்து இரைச்சலுக்குக் கைமைக்தான் சரி என்று பாட்காஸ்ட் எடுக்க வந்த பெண் முடிவுசெய்கிறாள்; வாயருகே பிடித்தால் குரல் மட்டும் பதியும். ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. மகன் இறந்ததைப் பற்றி மனைவியிடம்கூடப் பேசாத தறிக்காரர் இப்போதுதான் வாய் திறக்கிறார். எதிரே, இதே தறிகளுக்குக் காதைப் பறிகொடுத்துவிட்டு உதட்டசைவிலேயே பேச்சைப் படிக்கிற மனைவி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். "ஐஸ்கிரீம் மாதிரி அதை வாய்கிட்டயே வச்சிருந்தா, நான் என்னத்தைப் பார்க்கிறது?" அந்தப் பெண் கைமைக்கை அணைத்துவிட்டு, காலரில் குத்துகிற சின்ன மைக்கை எடுக்கிறாள். "இதுல தறிச் சத்தமெல்லாம் விழுமேம்மா?" "விழட்டும் ஐயா, நீங்க சொல்லுங்க." ஹெட்போனில் தறிகள் அவர் குரலைப் பாதிக்குமேல் விழுங்குகின்றன. எதிரே மனைவியின் உதடுகள், அவர் சொல்வதை ஒவ்வொரு சொல்லாக, ஓசையின்றித் திருப்பிச் சொல்கின்றன.