முதல் முறை கப்பலேறுவோர் கவனத்துக்கு

“இது செல்லாதுங்க. கேன்சல் ஆன பாஸ்போர்ட்.”

சென்னைத் துறைமுகத்தில், இலங்கை போகும் சுற்றுலாக் கப்பலுக்கான கவுன்ட்டரில் இருந்த பெண் மூலை வெட்டிய அந்தப் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பித் தள்ளினாள்.

குமாரசாமிக்கு முகம் செத்துப்போயிற்று. வரிசையில் பின்னால் நின்ற நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? நாமக்கல்லில் பஸ் ஏறியதிலிருந்து அந்தக் கோழித் தீவன வியாபாரிகள் அத்தனை பேருக்கும் பாடம் நடத்தியவரே அவர்தான். அவரும் கப்பல் ஏறியதில்லை. ஆனால் ஒரு மாதமாக யூடியூபில் பார்த்திருக்கிறார்.

“மொதல்ல பாஸ்போர்ட்டு. இன்னும் ஆறு மாசத்துக்காவது செல்லோணும், நல்லாப் பாத்துக்கங்க. பெட்டியத் துறைமுகத்துலயே வாங்கிக்குவாங்க, ரூமுக்கு வந்து சேரப் பொழுது எறங்கிரும். அதனால மாத்திரையெல்லாம் கைப்பையில இருக்கோணும். வாந்தி மாத்திரையக் கப்பல் கெளம்பறதுக்கு முன்னாலயே போட்டுக்கோணும். இஸ்திரிப் பெட்டி கொண்டாந்தவங்க பஸ்சுலயே வெச்சிருங்க, விட மாட்டாங்க. கப்பல் கெளம்புனதும் போனை ஃபிளைட் மோடுல போடுங்க. இல்லீன்னா கடல் ஒண்ணும் பண்ணாது, போன் பில்லு முழுகடிச்சிரும்.”

சேலம் வருவதற்குள் பாதி பஸ் தூங்குவதுபோல் நடித்தது. “கப்பல் ஏறறதுக்கு முன்னாலயே எனக்கு வாந்தி வந்துரும்போல” என்று கந்தப்பன் தன் மனைவி ஸ்ரீதேவியின் காதில் சொன்னான்.

அந்தக் குமாரசாமிதான் இப்போது மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏ பூவா! நான் லிஸ்ட்டப் பாத்து ஒவ்வொண்ணாப் படிச்சேன், நீதான பையில எடுத்து வெச்ச? பழசு எது, புதுசு எதுன்னு பாக்கறதில்லையா?”

“ரெண்டும் ஒரே நெறமா இருந்துதுங்க...”

பூவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“பாவம், அழுகுது” என்றாள் ஸ்ரீதேவி.

நாமக்கல் போய்ப் புதுசை எடுத்து வர விடியற்காலை ஆகிவிடும். கப்பல் மாலை ஐந்து மணிக்கு.

“நானும் உங்ககூட ஊட்டுக்கே வந்தர்றேனுங்க.”

“வந்து? கடைசி நேரத்துல நின்னா ஒரு பைசா திரும்பாது. ரெண்டு டிக்கெட்டும் கடலுக்கா? நீயாச்சும் போ. எதையும் தொடாத. யாரு என்ன கேட்டாலும் பேசாம ஸ்ரீதேவி பின்னாலயே நட!”

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றும் அவர் நிறுத்தவில்லை. “கையக் கழுவிட்டுச் சாப்பாட்டு ஹாலுக்குப் போ! இலங்கையில எறங்குனா ஒரு மணி நேரம் முன்னாலயே கப்பலுக்கு வந்துரு! உனக்காக நிக்க மாட்டான்!”

கந்தப்பன் வாட்ஸ்அப் குரூப்பில் உடனே ஒரு செய்தி போட்டான்: ‘முதல் முறை போறவங்க பாஸ்போர்ட்டை நல்லாப் பாத்துக்கங்க.’ பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மூன்று பொம்மைகள்.

பெண்களுக்குப் பூவாத்தாளை நினைத்துத்தான் கவலை. இங்கிலீஷ் தெரியாது. புருஷன் இல்லாமல் திருச்செங்கோடுகூடப் போனதில்லை. அவ்வளவு பெரிய கப்பலில் தனியாக என்ன செய்யும்?

கப்பல் கிளம்பும் முன் சங்கு ஊதியது. ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று ஒத்திகை. எல்லாரும் லிப்ட் வாசலில் முட்டிமோதினார்கள்.

“லிப்டுல போகக்கூடாதுங்க, படியில வாங்க” என்றாள் பூவாத்தாள். “எங்க கூடோணும்னு ரூம் கார்டுல எழுத்துப் போட்டிருக்குது பாருங்க. நம்மளுக்கு சி.”

நாமக்கல்காரர்கள் நாற்பது பேரும் பூவாத்தாள் பின்னால் நடந்தார்கள்.

மறுநாள் காலை கடல் கொஞ்சம் புரட்டியது. கந்தப்பன் கட்டிலை விட்டு எழவில்லை. ஸ்ரீதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தபோது, பூவாத்தாள் காற்றுக்கு முகத்தைக் கொடுத்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கையில் இரண்டாவது காபி.

“இந்தா கண்ணு, மாத்திரை. கப்பல் கெளம்பறதுக்கு முன்னாலயே போட்டிருக்கோணும். அவரு பஸ்சுல சொன்னாரல்லோ?”

ஸ்ரீதேவிக்கு வெட்கமாக இருந்தது. “நாங்க சிரிச்சுட்டு இருந்தோமுங்கக்கா. அண்ணன் சொன்னது அத்தனையும் அப்படியே நடக்குது. கடைசியில அவருக்குத்தான் குடுத்து வெக்கல. அந்தப் பழைய பாஸ்போர்ட்டுல எங்க போயிருந்தாரு?”

“சிங்கப்பூரு. பன்னெண்டு வருசம் ஆச்சு. தீவனக் கம்பெனிக்காரங்க எங்க ரெண்டு பேருக்கும்னுதான் டிக்கெட்டு குடுத்தாங்க. ‘இவ வந்து அங்க என்ன புரிஞ்சுக்கப் போறா’ன்னு அவரு தம்பியக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் கோழிப் பண்ணையில தண்ணி காட்டிட்டு இருந்தேன்.”

மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்த ஸ்ரீதேவி நிமிர்ந்தாள்.

“அடக் கடவுளே! போயும் போயும் அந்தப் பாஸ்போர்ட்டையா மறதியில பைக்குள்ள வெச்சீங்க?”

பூவாத்தாள் கடைசி மடக்குக் காபியைக் குடித்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்தாள்.

“மறதி என்ன கண்ணு மறதி? மறக்காம வெச்சேன்.”