ஒரே வீட்டின் இரண்டு ஓட்டு

“நாய்க்குத் தீனி தீர்ந்துபோச்சு. கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்றபடி ஆர்லோ தொப்பியை எடுத்தார். அவருக்குப் பின்னால், பிரிக்காத தீனி மூட்டை ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது.

லவோன் மூட்டையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். வழக்கமாக இப்படி ஒரு பொய் அகப்பட்டால் மதியச் சாப்பாடு வரை விடமாட்டாள். இன்றோ, “சரி, நானும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன்” என்று மட்டும் சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் அங்கே போவது வழக்கம்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை, தாய்மார் கண்ணயரும் நேரத்தில் மடியில் வைத்துக்கொள்ளும் தொண்டு வேலை. பிழைக்கும் என்று யாருமே நம்பாத பிஞ்சு ஒன்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று ஒருநாள் சொன்னாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கதை எதையும் வீட்டில் பேசவில்லை.

ஆனால் இந்தச் செவ்வாய் தேர்தல் நாள். வெளியே போகக் கூடாது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டிருந்த நாள்.

மாநில சட்டமன்றத்துக்கு நின்ற இருவரில் ஹாஸ்கல், ஆர்லோவின் ஆள். கருக்கலைப்பை அடியோடு தடுக்க வேண்டும், உயிரோடு பிறந்த எந்தக் குழந்தைக்கும் வைத்தியம் பார்க்காத டாக்டரை உள்ளே தள்ள வேண்டும் என்பவர். ரெனாட்டா, லவோனின் ஆள். சுமப்பவள் எடுக்கும் முடிவில் சர்க்காருக்கு என்ன வேலை, பிழைக்காது என்று தெரிந்த குழந்தையின் கடைசி மூச்சு தாய் மடியில் போகட்டுமே, அங்கேயும் சட்டம் வந்து நிற்க வேண்டுமா என்று கேட்பவர்.

“உன் ஆளுக்குத் தாய்னு ஒருத்தி இருக்கறது ஞாபகத்துக்கே வராதா?”

“உன் அம்மணி வாயில பிள்ளைங்கற வார்த்தையே வராதா?”

கோடை முழுக்க இதே பாட்டு. ஆர்லோ புல் வெட்டினால், முற்றத்தில் நட்டிருந்த ரெனாட்டாவின் பிரச்சாரப் பலகை மட்டும் தற்செயலாகச் சாயும். லவோன் தண்ணீர் பாய்ச்சினால் ஹாஸ்கலின் பலகை மட்டும் தற்செயலாக நனையும்.

கடைசியில் லவோன்தான் சமாதானக் கொடி பிடித்தாள். “நீ ஒண்ணு போடுவே, நான் ஒண்ணு போடுவேன். ரெண்டும் அடிபட்டுப் போயிடும். இந்த அயோவா குளிர்ல எதுக்கு பெட்ரோலைக் கொளுத்தணும்? பேசாம வீட்டுலயே இருப்போம்.” ஆர்லோ சரியென்று கை கொடுத்தார்.

கை கொடுத்தவர்தான் இப்போது டிரக்கை யார் கண்ணிலும் படாமல் சர்ச்சுக்குப் பின்புறம் நிறுத்திவிட்டு, வாக்குச்சாவடி இருந்த நிலவறைப் படிகளில் இறங்கினார். வரிசையில் நின்ற சாம்பல் நிறக் கோட்டின் முதுகு எங்கேயோ பார்த்ததாக இருந்தது. திரும்பி ஓடலாம் என்று காலைத் தூக்கினார்.

“ஆர்லோ! எங்கே ஓடறே? உன் பொண்டாட்டி இதோ நிக்கறா, பாரு!” என்று மேஜையில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெர்னடின் கூவினாள். வரிசையே திரும்பியது.

“இதுதான் நாய்த்தீனிக் கடையா?” என்றாள் லவோன்.

“இதுதான் ஆஸ்பத்திரியா?” என்றார் ஆர்லோ.

லவோன் சட்டென்று ஓட்டைப் போட்டுவிட்டு வெளியேறினாள். ஆர்லோ மறைப்புக்குள் போனவர் வரவே இல்லை. “என்னப்பா, பேனா எழுதலையா, கண்ணாடியை மறந்துட்டு வந்தியா?” என்று பெர்னடின் குரல் கொடுக்க, நிலவறை முழுக்கச் சிரிப்பு.

அவர் மேலே வந்தபோது, தன் காரைச் சர்ச்சின் முன்புறத்திலேயே விட்டுவிட்டு லவோன் அவருடைய டிரக்கில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆர்லோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகவே பார்த்தார்.

“திட்டணும்னா திட்டிடு.”

“நானும்தானே வந்திருக்கேன். எந்த வாயால திட்ட?”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “ஜூன் மாசம் மினசோட்டாவுக்கு மீன் பிடிக்கப் போனேன்ல? மீன் பிடிக்கல. தம்பி மக ஜோலினைக் கூட்டிட்டுப் போனேன்.”

லவோன் திரும்பினாள்.

“அவ வயித்துப் பிள்ளைக்கு மண்டை ஓடே வளரலையாம். இங்கே டாக்டருங்க வக்கீலைக் கேக்கணும், வக்கீலைக் கேக்கணும்னே நாளைக் கடத்தினாங்க. எல்லை தாண்டி மினசோட்டாவுல அந்தத் தடை இல்ல. யார்கிட்டயும் சொல்லாதீங்க பெரியப்பான்னு அழுதா. போற வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா. பிள்ளைக்குப் பேர்கூட வெச்சிருந்தா, லவோன். போன வாரம் கூட்டத்துல ஹாஸ்கல் பேசினப்போ எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குக் கை எழும்பல.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு? கோடை முழுக்க உன்கூட மல்லுக்கட்டிட்டு இப்போ மாறிட்டேன்னு சொன்னா, காலத்துக்கும் சொல்லிக் காட்டுவியே! அதான் திருட்டுத்தனமா வந்தேன். உன் ரெனாட்டாவுக்குத்தான் போட்டேன். போதுமா?”

லவோன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஆர்லோ கைக்குட்டையைத் தேடினார்.

அவள் கையை எடுத்தபோது கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அடப்பாவி மனுஷா, என் விரலை விடாத அந்தப் பிஞ்சை நினைச்சு நான் உன் ஹாஸ்கலுக்குல்ல போட்டுட்டு வந்தேன்!”