மோதிரத்தோடு நின்றவன்

பார்ப்பவர் முகத்தைப் படித்துக் கதையை மாற்றிக்கொள்ளும் படம் அது. பெருநகரத்தில் தனியாக வாழும் பெண்களைப் பற்றிய காதல் நகைச்சுவை. ஒன்றரை மணி நேரத்தில் கல்யாணத்தில் முடியும் என்று போட்டிருந்தது. வேளச்சேரி வாடகை வீட்டு சோபாவில் குமுதினி, ஜெசிந்தா, பர்வீன் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஜெசிந்தா வேலை மாறிப் புனேவுக்குப் போகிறாள். யாரும் அழக் கூடாது என்பது மூத்தவளான குமுதினியின் உத்தரவு.

நாயகன் மோதிரத்தை நீட்டினான். மூவரும் கொட்டாவி விட்டார்கள். படம் சட்டென்று அவனை வாசலில் நிறுத்திவிட்டு, நாயகியைத் தோழிகளின் சமையலறைக்குள் தள்ளியது. அங்கே கடைசி வெங்காய தோசைக்கு அடிதடி. மூவரும் விழுந்து விழுந்து சிரிக்க, படம் அங்கேயே டேரா போட்டுவிட்டது.

"கெட்டிக்காரப் படம்!" என்றாள் பர்வீன்.

பிறகு திரையில் ஒரு தோழி ஊருக்குப் போகப் பெட்டியைப் பூட்டினாள். குமுதினி முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆனாலும் பெட்டி திறந்துகொண்டது. துணிகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின.

"அக்கா, அழுறீங்களா?" என்றாள் ஜெசிந்தா.

"அவங்க வெங்காயம் நறுக்குறாங்கல்ல, அதான்டி."

மூன்று மணி நேரமாகியும் படம் முடியவில்லை. வாசலில் நின்ற நாயகன் தலையை நீட்டி, "நான் வேணும்னா நாளைக்கு வரட்டுமா?" என்றான்.

"நாளைக்குங்கற பேச்சையே எடுக்காத," என்றாள் குமுதினி.