நீல அட்டை

"அடுத்த நீல அட்டை, உள்ள வாப்பா."

பேராசிரியையின் குரல் கேட்டதும் சிட்டுவின் கண் வாசலுக்குப் பாய்ந்தது.

வந்தது அவளுடைய ஆள் இல்லை. காது மடல் பெரிதான ஒரு பையன். போன உயிர் பாதி திரும்பியது.

கல்வியியல் கல்லூரியின் அந்த வகுப்பறையில் வாசிப்பு மன்றத்து மாணவர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பென்சில், மடியில் பிழை குறிக்கும் தாள். முன்னால் ஒரு மேசை. ஒரு பக்கம் பேராசிரியை, எதிரே பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலி. மேசைமேல், எந்தப் பிள்ளையும் இதற்குமுன் பார்த்திராத ஒரு கதைப் பக்கம்.

ஆய்வு எளிமையானதுதான். பக்கத்துப் பள்ளியில் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். மஞ்சள் அட்டை விழுந்தவர்களுக்கு மன்றத்தார் சனிக்கிழமைதோறும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நீல அட்டை விழுந்தவர்கள் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் சரளமாக வாசித்து நீலம் திணறினால்தான் பாடம் பலித்தது என்று பேர். அப்போதுதான் பல்கலைக்கழகம் அதை மற்றப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகும்.

நீலத்துக்கு ஓர் எழுத்து சொல்லிக்கொடுத்தாலும் மன்றத்தை விட்டு வெளியே, பயிற்சிச் சான்றிதழும் கிடையாது என்று பேராசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். எதை வாசித்தாலும் பத்தி முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். அடுத்த பத்திக்கு இறக்குவார். விடுதியில் அதை நடித்துக் காட்டாத ஆளில்லை. அவர் எதிரே சிரிக்கத் துணிந்த ஆளும் இல்லை.

சிட்டு சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு நீல அட்டை குடியிருந்தது. ஒரு நாள் மாடிப்படியில் வழிமறித்து, "நான் எப்பக்கா மஞ்ச அட்டை ஆவேன்?" என்றது. கேட்டுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. பதிலுக்காக நின்றது.

அன்றைக்குப் பிடித்த வினை. சொல்லுக்கு ஒரு தட்டாகத் தொடையில் தாளம் போட்டு வாசிப்பது சிட்டுவின் முறை. சிறுமி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நேற்று மட்டும் பாடம் தலைகீழாக நடந்தது. தட்டக் கூடாது, நடுநடுவே திக்க வேண்டும்.

"தெரியாத மாதிரி எப்படிக்கா படிக்கிறது?"

அதைக் கல்லூரியில் சிட்டுவுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. வீட்டிலோ அம்மா இப்போதே தெருவெல்லாம் "எம் பொண்ணு டீச்சர்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

காது பெரிதான பையன் தொடங்கினான். வாசித்தான் என்பதைவிட முழங்கினான் என்றே சொல்ல வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுத்து, வலது கையைக் காற்றில் வீசினான்.

அந்தக் கைவீச்சைச் சிட்டு ஒவ்வொரு மன்றக் கூட்டத்திலும் பார்த்திருக்கிறாள்.

பக்கத்தில் 'மைக்' என்று பட்டப்பெயர் வாங்கிய செயலாளரின் பென்சில் கீழே விழுந்தது. அவன் குனிந்து வெகுநேரம் தேடினான். அது அவன் செருப்பின் மேலேயே கிடந்தது.

அடுத்த சிறுமி வரிக்கு வரி நிறுத்தி, "சரியா? சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மளமளவென்று போனாள். "சரியா? சரி" போடாமல் ஒரு பேச்சும் முடிக்கத் தெரியாத பொருளாளர், இந்த வயதிலேயே 'தாத்தா' ஆகிவிட்டவன், மின்விசிறி என்ற பொருளை அன்றுதான் கண்டவன்போல அண்ணாந்திருந்தான்.

சிட்டுவுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் இன்னும் கூடியது. தான் ஒருத்தி செய்தால் அது தப்பு. தண்டனை உண்டு, தீர்ந்தது. எல்லோரும் செய்திருந்தால்? நீலம் மஞ்சளைத் தொட்டுவிட்டால், சனிக்கிழமைப் பாடமே வீண் என்றல்லவா முடிவு வரும்! அறிந்த பிள்ளைக்கு இரங்கப் போய், அறியாத எத்தனை பிள்ளைகளின் வாயில் மண்ணைப் போட்டோம்?

அடுத்து வந்தது மாடிப்படிக்காரி.

வந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முதல் வரியில் ஒழுங்காகத் திக்கினாள். இரண்டாவது வரியில் பந்து கிணற்றில் விழுந்துவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாய் ஓடியது. கைகள் அசையவில்லை, மேசைக்கடியில் குதிகால் தாளம் போட்டது.

டக். டக். டக்.

பேராசிரியை நிமிர்ந்தார். நேராகச் சிட்டுவைப் பார்த்தார்.

தன் கையும் தொடையில் தட்டிக்கொண்டிருந்ததைச் சிட்டு அப்போதுதான் கவனித்தாள்.

பிறகு கண்ணைத் தாளுக்குத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியாக ஒரு பையன் வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். உன்னுடையதா என்று மைக் கண்ணால் கேட்டான். சிட்டு இல்லையென்று தலையாட்டினாள். தாத்தா உதட்டைப் பிதுக்கினான். கேள்வி சத்தமில்லாமல் வரிசையின் கோடிவரை போய்த் திரும்பியது. யாருடைய பிள்ளையும் இல்லை.

கலப்பில்லாத நீலம் ஒன்றாவது மிஞ்சியதே என்று சிட்டு மூச்சுவிட்டாள்.

பையன் வாசித்தான். நிதானமாக, பிசிறில்லாமல். காலையில் வந்த மஞ்சள்களில்கூட இப்படி ஒருவரும் வாசிக்கவில்லை.

முதல் பத்தி முடிந்தது.

கண்ணாடியே இல்லாத முகத்தில், மூக்குத்தண்டிலிருந்து எதையோ இரண்டு விரலால் தூக்கி நெற்றிக்கு ஏற்றினான். பிறகு அடுத்த பத்திக்கு அதைப் பத்திரமாக இறக்கிக்கொண்டான்.

சுவரோரத்தில் ஒரு பென்சிலும் அசையவில்லை.

கண்ணாடியை ஏற்றப் போன பேராசிரியையின் கை, பாதி வழியில் நின்றிருந்தது.